வெற்று மாதிரி

சம்பளம் இல்லை. புள்ளி இல்லை.
இரண்டாம் வருசத்துப் பாடத்திட்டத்திலும் இல்லை.
ஆய்வுகூட வாசலில் ஒட்டிய தாளில்
"கிணறுகள் நாற்பத்திரண்டு, ஆட்கள் இரண்டு" என்றிருந்தது.
நான் பெயரெழுதினேன்.
எனக்குக் கீழே, சரிந்த எழுத்தில், சந்துனி.
மதவாச்சிக்காரி. எங்கட பேச்சில் எண்ணப் பழகியிருந்தாள்,
ஒண்டு, ரெண்டு, மூண்டு,
இருபதைத் தாண்டினால் சிங்களம்.
அதனால் பின்பாதிக் கிணறுகளை
அவள் பாஷையில் நான் எண்ணினேன்.

ஸ்கந்தபுரத்தில் ஒன்று, கட்டை வெடிக்கவைத்து அரசங்கன்று.
கோணாவிலில் ஒன்றுக்கு வாளியே இல்லை, மோட்டர்தான்.
அக்கராயனில் ஒன்று தூர்த்துக் கிடந்தது.
ஏன் தூர்த்தார்கள் என்று எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
பக்கத்துக் காணிக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்தோம்.

போன வீடெல்லாம் ஒரே கேள்வி:
"பிள்ளை, குடிக்கலாமோ?"
"இன்னும் தெரியாது."
"கம்பஸிலதானே படிக்கிறியள்?"
கேத்தலின் உள்ளே படிந்த வெள்ளையைக்
கரண்டிக் காம்பால் சுரண்டிக் காட்டினா யோகமலர் அக்கா.
அது மாதிரி அல்ல, எந்த முறையிலும் அல்ல.
என்றாலும் கொப்பித்தாளில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு அறிவியல் நகர், மாலை நாலு மணி,
மின்விசிறி நிறுத்தி, அளவியின் முன் மூச்சடக்கி:
திராட்சைச் சிவப்பு,
துளி,
இன்னும் சிவப்பு,
துளி,
ஊதாவா இது? நில்,
துளி,
நீலம்.
கிணற்றுக்கு மூன்று தரம். மூன்று கிழமை.
கனவில் தேத்தண்ணிகூட நீலமாக மாறியது.

வெற்று மாதிரியைக் கடைசிக்குத் தள்ளியிருந்தோம்.
காய்ச்சி வடித்த நீர், கிணறே இல்லாத தண்ணீர்,
அதே போத்தல், அதே துளி நிறங்காட்டி.
தொட்டவுடன் நீலமாக வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

சிவந்தது.

சந்துனி என்னைப் பார்க்கவில்லை, குடுவையையே பார்த்தாள்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
அந்த முதல் வெள்ளிக்கிழமை, ஐந்து பத்து பஸ்ஸுக்கு ஓடும் அவசரம்,
வடித்த நீர் முடிந்திருந்தது.
பின்வரிசைப் பைப்பைத் திறந்து
நான்தான் எல்லாப் போத்தலையும் அலசிக் கவிழ்த்தேன்.
கிளிநொச்சிப் பைப் தண்ணீர்.
சவர்க்காரம் நுரைக்கத் தயங்கும் தண்ணீர்.

ஒரு பூச்சியம்தான்.
எழுதிவிட்டால் அட்டவணை மூடிவிடும்.
பேனையை அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தபடி
எவ்வளவு நேரம் இருந்தேனோ,
வெளியே காவலாளி சயிக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"எங்கட ஊரில" என்றாள் சந்துனி,
தமிழில் தொடங்கி, சொல் தேடி, விட்டுவிட்டாள்.
அவள் ஊரிலும் கிணற்றடியில் யாரோ கேட்டிருப்பார்கள்,
யாரோ ஒரு இலக்கம் சொல்லியிருப்பார்கள்.

குறிப்பேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு:
அழிக்காதே, வெள்ளை பூசாதே, தாளைக் கிழிக்காதே.
ஒற்றைக் கோடு.
கீழே இருந்தது என்னவென்று
நாளைக்கு வருபவனும் வாசிக்க வேண்டும்.
நூற்றி இருபத்தாறு இலக்கங்களின் மேல் கோடிழுத்தேன்.
பக்கத்தில் திகதி. என் கையெழுத்து.
காரணம் என்ற இடத்தில்: "போத்தல் கழுவியது பிழை. நான்."
மிஸ் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா.
"மாரி பெய்ய முதல் முடியுமோ?" என்று மட்டும் கேட்டா.

திரும்பவும் ஸ்கந்தபுரம்.
அரசங்கன்றில் இரண்டு இலை கூடியிருந்தது.
யோகமலர் அக்கா படலையிலேயே மறித்தா:
"திரும்ப வந்திட்டியள். அப்ப தண்ணி கூடாதோ?"
"தண்ணியில்லை அக்கா, நாங்கள்தான் பிழை விட்டனாங்கள்."
யோசித்தா. சிரிக்கவில்லை.
"அப்ப வடிவாப் பாருங்கோ" என்று
கப்பியில் கயிற்றைப் போட்டுத் தந்தா.

போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே
மூன்று தரம் அலசி ஊற்றினோம்.
நாலாம் தரம் நீருக்குள் அமிழ்த்தி
கடைசிக் குமிழி வரும்வரை பிடித்திருந்தாள் சந்துனி.
நான் மூடியில் எழுதினேன்: ஒன்று.
அடைப்புக்குறிக்குள்: இரண்டாம் தரம்.